எமரால்டு: ஒரு பெயரின் வேரும் கிளைகளும்

உதகமண்டலத்திலிருந்து தென்மேற்கே குந்தா மலைகளை நோக்கிச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் எமரால்டு எனும் ஊர் உள்ளது. சரிவெங்கும் தேயிலையும், இடையிடையே கேரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளையும் ஊர். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு உருவான குந்தா நீர்மின் திட்டத்திற்காக 1960களின் தொடக்கத்தில் இங்கு அணை எழுந்தது. அதன் நீர்த்தேக்கமும் எமரால்டு ஏரி என்றே வழங்குகிறது. இவ்வூரில் மரகதச் சுரங்கம் எதுவும் இருந்ததில்லை. நிறம் பற்றி இடப்பட்ட ஆங்கிலப் பெயர் இது. தோடர், படகர், கோத்தர், குறும்பர், இருளர் எனப் பல மொழியினர் வாழும் மலையில், அவர்களுள் எவருக்கும் சொந்தமல்லாத ஒரு சொல் ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது. தமிழ்நாவோ அச்சொல்லின் இறுதியில் ஓர் உகரத்தைச் சேர்த்து, 'எமரால்டு' எனத் தன்வயப்படுத்திக்கொண்டது. பக்கத்து அவலாஞ்சிக்கும் இதே கதைதான். பனிச்சரிவைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லொன்று, பனிச்சரிவே அறியாத மலையில் மண்சரிவின் நினைவாக ஊர்ப்பெயராயிற்று.

இவ்வாறான பெயர்களைக் காணும்போது, 'இது ஆங்கிலேயன் விட்டுச் சென்றது. நல்ல தமிழில் மரகதம் என்று மாற்றினால் என்ன?' எனக் கேட்போர் உளர். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்வியே. ஆயினும் அக்கேள்விக்கு விடை கூறுமுன், எமரால்டு எனும் சொல்லுக்கும் மரகதம் எனும் சொல்லுக்கும், இவ்விரண்டோடும் நம் உருதுப் பேச்சிலும் அரபு நூல்களிலும் வழங்கும் ஜுமுர்ருத் எனும் சொல்லுக்கும் உள்ள உறவை அறிந்துகொள்ள வேண்டும். மூன்றும் ஒன்றற்கொன்று மொழிபெயர்ப்பு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இவை மூன்றும் ஒரே சொல். மூன்று வழிகளில் பயணம் செய்து, மூன்று உருவில் வந்து நிற்கும் ஒரே சொல்.

அதன் வேரைச் செமித்திய மொழிக் குடும்பத்தில் காண்கின்றனர் மொழியியலார். ப-ர-க (அரபில் பா, ரா, காஃப்) எனும் மூவெழுத்து வேர் ஒளிர்தல், பளிச்சிடுதல் எனும் பொருளது. பண்டைய பாபிலோனியாவின் அக்காதிய மொழியில் 'பர்ரக்து' என்பது ஒருவகை ஒளிர்கல்லின் பெயர். எபிரேய மொழியில் 'பாரெகெத்'. தவ்ராத்தின் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில், ஹாரூன் (அலை) அவர்களின் மார்ப்பதக்கத்தில் பதிக்கப்பட வேண்டிய பன்னிரு கற்களுள் ஒன்றாக இது குறிக்கப்படுகிறது. அக்கல் இன்றைய மரகதமே என்று அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. பண்டையோர் கற்களைப் பிரித்தறிந்தது நிறத்தாலும் ஒளியாலுமே. வேதியியல் அவர்களுக்கு உதவ வரவில்லை.

இதே வேரிலிருந்து பிறந்த சொல்லொன்றை அல்குர்ஆன் ஓதும் ஒவ்வொருவரும் அறிவர். மின்னலைக் குறிக்கும் 'பர்க்' அதுவே (2:19, 20, 13:12, 30:24). மறுமை நாளில் பார்வை மருண்டு நிற்பதைக் கூறும் 75:7ஆம் வசனத்தின் வினைச்சொல்லும் இவ்வேரினதே. மிஃராஜ் இரவோடு தொடர்புடைய 'புராக்' எனும் பெயரையும் இவ்வேரோடு சேர்த்தே அகராதி ஆசிரியர்கள் விளக்குவர். ஆகவே எமரால்டு எனும் ஊர்ப்பெயரை ஒலிக்கும் நீலகிரித் தமிழர், தம்மை அறியாமலேயே மின்னலின் உறவுச்சொல் ஒன்றை ஒலிக்கின்றனர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஒலி ஒத்திருப்பதெல்லாம் உறவாகிவிடாது. அல்குர்ஆனில் சுவனத்துக் கூசாக்களைக் குறிக்கும் 'அபாரீக்' (56:18) எனும் பன்மைச் சொல்லின் ஒருமை 'இப்ரீக்'. அதிலும் பா, ரா, காஃப் எனும் மூன்றெழுத்துகளும் வரிசையாக உள்ளன. சுவனவாசிகளின் பச்சைப் பட்டாடைகளோடு சேர்த்துக் கூறப்படும் 'இஸ்தப்ரக்' (18:31, 76:21) எனும் சொல்லிலும் அவ்வாறே. பச்சை நிறமும், ஒளியும், அதே மூன்றெழுத்தும் ஒருங்கே அமைந்திருக்க, இதையும் மின்னலின் உறவாக்கிவிட ஆசை எழுவது இயல்பே. ஆனால் இவ்விரண்டும் பாரசீக மூலமுடையவை. இப்ரீக் என்பது நீரையும் ஊற்றுதலையும் குறிக்கும் இரு பாரசீகச் சொற்களின் கூட்டு. இஸ்தப்ரக் என்பது தடித்த பட்டைக் குறித்த பழம்பாரசீகச் சொல்லின் அரபு வடிவம். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியக் கீழைத்தேயவாணர்கள் அல்லர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஹிஜ்ரி 540இல் மறைந்த பக்தாத் அறிஞர் ஜவாலீக்கி, அரபாக்கம் பெற்ற அயற்சொற்களுக்கென்றே தனி நூல் இயற்றியவர். இமாம் சுயூத்தி (ஹிஜ்ரி 911) தமது அல்இத்கான் நூலில் திருமறையில் பயிலும் அயல்மூலச் சொற்களுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளார். சொல்லின் பிறப்பிடத்தை ஆராய்வது மார்க்கத்திற்குக் குறைவு உண்டாக்கும் என அவர்கள் அஞ்சவில்லை.

இன்னொரு மயக்கமும் தமிழ் வாசகருக்கே உரியது. ஸூரத்துர் ரஹ்மானில் யாகூத்தும் மர்ஜானும் உவமையாக வருகின்றன (55:58). மர்ஜான், மரகதம் எனும் இரு சொற்களும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதால், இவை ஒன்றோ எனச் சிலர் ஐயுறுவதுண்டு. மர்ஜான் வேறு. அதைப் பவளம் என்றும், சிறுமுத்து என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கொண்டனர். முத்தைக் குறிக்கும் கிரேக்க 'மார்கரீத்தெஸ்' என்பதோடும் அதன் அரமேய வடிவோடும் அதைத் தொடர்புபடுத்துவர். மரகதமோ ஜுமுர்ருதோ அல்குர்ஆனில் இடம்பெறவில்லை. பசுமை இடம்பெற்றுள்ளது. பச்சை ஆடைகள், பச்சைத் தலையணைகள் (55:76), இருண்டு தோன்றுமளவு அடர்ந்த பசுமையைக் குறிக்கும் 'முத்ஹாம்மத்தான்' எனும் ஒரே சொல்லாலான வசனம் (55:64) ஆகியவற்றை நினைவுகூரலாம். குந்தா மலையின் சோலைக்காடுகளைத் தொலைவிலிருந்து கண்டோருக்கு, பச்சை முற்றிக் கருமையாகும் அந்நிலையை விளக்கத் தேவையிராது.

வேரிலிருந்து கிளைக்கு வருவோம். செமித்தியச் சொல் கிரேக்கத்தை அடைந்தபோது முதலெழுத்தாகிய பகரம் மகரமாயிற்று. இரண்டும் இதழ்களில் பிறக்கும் ஒலிகளாதலின் இம்மாற்றம் வியப்பன்று. 'மாரக்தொஸ்' என்றும், முன்னே ஸகரம் பெற்று 'ஸ்மாரக்தொஸ்' என்றும் இரு வடிவங்கள் கிரேக்கத்தில் வழங்கின. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஹெரோடோட்டஸ், தீர் நகரத்துக் கோயிலில் இரவில் ஒளிவீசும் ஸ்மாரக்தொஸ் தூண் ஒன்றைக் கண்டதாக எழுதினார். தூணாகுமளவு பெரிய மரகதம் உலகில் எங்கும் இல்லை. பச்சைக் கண்ணாடியையோ வேறு பச்சைக் கல்லையோதான் அவர் கண்டிருக்க வேண்டும்.

இந்தக் கிரேக்க வடிவமே மூன்று திசைகளில் பிரிந்தது. மேற்கே இலத்தீனில் 'ஸ்மராக்துஸ்' ஆகி, பேச்சுவழக்கில் தேய்ந்து, ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'எஸ்மெரால்தா', பழைய பிரெஞ்சில் 'எஸ்மெரோத்' எனவாகி, ஸகரம் மறைந்து ஆங்கிலத்தின் எமரால்டு ஆயிற்று. அடுத்த திசையில் சிரியாக், பாரசீக மொழிகளின் வழியாக அரபை அடைந்து 'ஜுமுர்ருத்' ஆயிற்று. அங்கிருந்து துருக்கியின் 'ஸும்ருத்', ருஷ்ய மொழியின் 'இஸும்ருத்', உருதுவின் 'ஜமுர்ரத்', மலாயின் 'ஸம்ருத்' என விரிந்தது. அரபில் வழங்கும் 'ஜபர்ஜத்' என்பதும் இதே சொல்லின் இன்னொரு திரிபு எனக் கருதுவோர் உளர். கிழக்கே வடமொழியில் 'மரகத' என நின்றது. வேதப் பாடல்களில் இச்சொல் இல்லை, பிற்கால நூல்களிலேயே பயில்கிறது என்பதால், இது மேற்கிலிருந்து வணிகத்தோடு வந்த சொல் என்பது மொழியியலாரிடையே வலுவான கருத்து. கிரேக்கத்தின் வழி வந்ததா, செமித்தியத்திலிருந்து நேரே வந்ததா என்பதில் மட்டும் அவர்களிடையே வேறுபாடு உண்டு. வடமொழி, பிராகிருதங்களின் வழியே தமிழ் அதைப் பெற்று 'மரகதம்' என்றது.

சொல் ஏன் மேற்கிலிருந்து வந்தது என்பதற்குக் கல்லே விடை கூறுகிறது. பண்டைய உலகுக்கு மரகதம் வழங்கிய முதன்மையான இடம் எகிப்தின் கிழக்குப் பாலைவனம். செங்கடலுக்கும் நைல் நதிக்கும் இடைப்பட்ட ஸிகைத், ஸபாரா பகுதிகளின் சுரங்கங்கள் தாலமி மன்னர் காலம் முதல் இயங்கின. புவியியலாளர் தாலமி அங்குள்ள குன்று ஒன்றுக்கு 'ஸ்மாரக்தொஸ் மலை' என்றே பெயர் குறித்தார். ஆக, நீலகிரியின் எமரால்டுக்கு ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்னரே இப்பெயரில் ஒரு மலை வரைபடத்தில் இருந்தது. அங்கு மட்டும் பெயருக்கேற்ற கல் இருந்தது, பசுமை இல்லை.

6ஆம் நூற்றாண்டில் எழுதிய காஸ்மாஸ் எனும் அலெக்சாந்திரியா வணிகர், அபிசீனியர்கள் பாலைவனத்து மக்களிடம் மரகதம் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவந்து, அவ்விலையைக் கொண்டு உயர்ந்த பண்டங்களை வாங்கிச் செல்வதைக் குறிப்பிடுகிறார். நான்கு நூற்றாண்டுகள் கழித்து மஸ்ஊதி (ஹிஜ்ரி 345) தமது முரூஜுத் தஹப் நூலில் அச்சுரங்கங்களை வருணித்து, மரகதத்தை நான்கு வகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் ஒன்றின் பெயர் 'பஹ்ரீ', அதாவது கடலுக்குரியது. கடற்கரை நாடுகளாகிய ஸிந்து, ஹிந்த், சீனம் முதலியவற்றின் மன்னர்கள் அவ்வகையைப் பெரிதும் விரும்பியதால் அப்பெயர் வந்ததாம். காஸ்மாஸ் கண்ட வாணிகமே கைமாறி முஸ்லிம் வணிகர்களிடம் தொடர்ந்தது என்பது இதனால் விளங்கும். கல் கப்பலேறியபோது அதன் பெயரும் உடன் ஏறியது.

அரபு மணிநூல்களின் சிகரம் அல்பிரூனி (கி.பி. 973–1048) தம் இறுதிக் காலத்தில் கஸ்னியின் மவ்தூத் சுல்தானுக்காக இயற்றிய கிதாபுல் ஜமாஹிர். ஜுமுர்ருத், ஜபர்ஜத் எனும் இரண்டும் ஒரே பொருளின் இரு பெயர்கள் என்பது அவர் கருத்து. (பின்னாளில் ஜபர்ஜத் என்பது வேறொரு மெல்லிய பச்சைக் கல்லுக்கு உரித்தாயிற்று. அக்கல் கிடைத்த செங்கடல் தீவும் ஸபர்ஜத் எனப் பெயர் பெற்றது.) நூலின் சுவையான இடம் பாம்பைப் பற்றியது. மரகதத்தைக் கண்ட மாத்திரத்தில் நாகத்தின் கண் உருகி வழிந்துவிடும் என்பது அக்காலத்தின் அசையாத நம்பிக்கை. கற்றோரும் மற்றோரும் அதை ஒருவாய்ப்பட எழுதிவந்தனர். பிரூனி சோதித்துப் பார்த்தார். பாம்புக்கு மரகத மாலையை அணிவித்தார். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார். அதன் கண்முன்னே மரகதச் சரத்தை ஆட்டினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதங்கள் இதைச் செய்தும் பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் பார்வை கூர்மையாகியிருந்தாலும் இருக்கலாமே தவிரக் கெடவில்லை என்று அவர் சற்றே நகைப்புடன் முடிக்கிறார்.

இந்நம்பிக்கை இந்திய மரபிலும் உண்டு. கருட புராணத்தின் மணிநூற் பகுதி, வலன் எனும் அசுரனின் பித்தத்தை வாசுகிப் பாம்பு கவர்ந்து செல்கையில் கருடன் தாக்க, கீழே விழுந்த பித்தமே மரகதமாயிற்று என்கிறது. ஆகவே அது நஞ்சை முறிக்கும் என்பது கருத்து. பாம்பும் பச்சைக்கல்லும் பகை என்னும் கதையை இரு மரபுகளும் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. சொல் பயணம் செய்த பாதையிலேயே கதையும் பயணம் செய்தது என எண்ண இடமிருக்கிறது. கதையைச் சோதனைக்கு உட்படுத்தியவர் பிரூனி என்பது நமக்குப் பெருமை தருவதே. ஆயினும் அப்பெருமையைப் பேசும் நாமே இன்னின்ன கல் அணிந்தால் இன்னின்ன நன்மை எனும் விளம்பரங்களுக்கு மோதிர விரலை நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மரகதத்தோடு பிணைந்த இன்னொரு கதை காஃப் மலை. பூமியைச் சூழ்ந்து நிற்கும் காஃப் எனும் மலை பச்சை மரகதத்தாலானது, வானின் நிறம் அம்மலையின் பிரதிபலிப்பே எனும் செய்தியை யாகூத் ஹமவீ (ஹிஜ்ரி 626) முதலிய புவியியலாளர்கள் எடுத்தெழுதினர். கஸ்வீனியின் அஜாயிபுல் மக்லூகாத் அதற்கு வண்ணமூட்டியது. பாரசீக, உருது, அரபுத்தமிழ்க் கதைமரபுகளில் ஜின்களும் பரிகளும் வாழும் கோஹ்காஃப் இதுவே. 50ஆம் ஸூராவின் தொடக்கத்திலுள்ள 'காஃப்' எனும் தனியெழுத்தை இம்மலையின் பெயராகக் கொண்டோரும் இருந்தனர். இமாம் இப்னு கஸீர் (ஹிஜ்ரி 774) தம் விரிவுரையில் இதை ஏற்க மறுத்து, இது பனூ இஸ்ராயீல்களிடமிருந்து வந்த கட்டுக்கதை வகையைச் சேர்ந்தது என ஒதுக்கினார். பாம்புக் கதைக்குப் பிரூனி செய்ததை மலைக்கதைக்கு இப்னு கஸீர் செய்தார் எனலாம். ஒருவர் கையாண்டது சோதனை. மற்றவர் கையாண்டது அறிவிப்பாளர் ஆய்வு.

தமிழகத்தில் இக்கல்லின் நிலை என்ன? சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டுமிடத்தில், பச்சை மணிகளின் குற்றங் குணங்களை அறிந்து பேசும் வணிகரைக் காண்கிறோம். அவ்விடத்தை மரகதமாகவே அடியார்க்கு நல்லார் விளக்குகிறார். காப்பிய மரபில் பாடிய நம் இஸ்லாமியப் புலவர்களுக்கும் மரகதம் அயற்சொல்லாகத் தோன்றியதில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கையின் பேருவளை ஆகிய ஊர்களின் முஸ்லிம் மணி வணிகர் கடையில் இது வெறும் 'பச்சைக்கல்'. புலவரின் மரகதம், மவ்லவியின் ஜுமுர்ருத், வணிகரின் பச்சைக்கல் என ஒரே சமுதாயத்தில் ஒரே பொருளுக்கு மூன்று பெயர்கள் சண்டையின்றி வழங்கிவந்துள்ளன.

இதற்கு நேர்மாறான பயணம் செய்த இன்னொரு சொல்லும் நம் கொங்கு நாட்டை ஒட்டியதே. மரகதம் கனிம இயலின்படி தனிக் கல்லன்று. பெரில் எனும் கனிமத்தில் குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலந்தால் அது மரகதம். இரும்புக் கலப்பால் நீலச்சாயல் பெற்றால் அது கடல்வண்ணக் கல். காங்கயத்தை அடுத்த படியூரில் இந்த நீலச்சாயல் பெரில் பண்டுதொட்டு அகழப்பட்டது. நொய்யற்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில், பெரில் மணிகளை அறுத்துத் தேய்த்துத் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. உரோம நாணயங்கள் கோவைப் பகுதியில் குவியல் குவியலாகக் கிடைப்பதற்கு இக்கற்களும் ஒரு காரணம் என்பது அறிஞர் கருத்து. பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என எழுதிய உரோமர் பிளினி, அதற்கும் மரகதத்திற்கும் இயல்பு ஒன்றே என்பாரும் உண்டு என்று குறித்தார். வேதியியல் பிறப்பதற்கு 17 நூற்றாண்டுகளுக்கு முன் வந்த கூற்று இது!

பெரிலின் பெயர் இங்கிருந்து சென்றது. பாலி மொழியின் 'வேளுரிய', வடமொழியின் 'வைடூரிய' எனும் வடிவங்களே கிரேக்கத்தின் 'பேருல்லொஸ்' ஆயின. அவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு திராவிடச் சொல் எனக் கருதும் அறிஞர் பலர். அதே சொல் அரபில் 'பில்லவ்ர்' ஆகிப் பளிங்கைக் குறித்தது. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை இன்றும் 'பிரில்லெ' என்பது, பளிங்குக் கல்லைத் தேய்த்துக் கண்ணாடி செய்த காலத்தின் நினைவு. ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். ஒன்றின் பெயர் அரபு மொழியின் உறவுகளிடமிருந்து தமிழுக்கு வந்தது, மற்றதன் பெயர் நம் நிலத்திலிருந்து அரபுக்குச் சென்றது. கொடுக்கல் வாங்கல் சமன் என்று கணக்கு முடிக்கலாம் போலும். சேலம் மாவட்டத்து இடைப்பாடிப் பகுதியில் மெய்யான மரகதமே கிடைப்பது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது.

16ஆம் நூற்றாண்டில் சொல்லின் இரு கிளைகள் இந்திய மண்ணில் ஒன்றையொன்று சந்தித்தன. தென் அமெரிக்காவின் கொலம்பியாவைக் கைப்பற்றிய ஸ்பானியர், முன்பு உலகம் கண்டிராத பெரிய, ஆழ்நிறமுள்ள மரகதங்களை அங்கே கண்டனர். ஐரோப்பா வாங்கியது போக எஞ்சியவை கோவா துறைமுகத்தின் வழியாகவும் வேறு வழிகளாலும் முகலாயர், தக்காண சுல்தான்கள் ஆகியோரின் கருவூலங்களை அடைந்தன. போர்த்துக்கீசிய வணிகன் 'எஸ்மெரால்தா' என்று நீட்டியதை அரண்மனைப் பொக்கிஷதார் 'ஜமுர்ரத்' என்று பதிந்துகொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பிரிந்திருந்த உடன்பிறப்புகள் எதிரெதிரே நின்றும் அடையாளம் காணவில்லை.

அக்கற்களுள் ஒன்று இன்று தோஹாவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 217.80 காரட் எடை; ஹிஜ்ரி 1107 (கி.பி. 1695–96) என ஆண்டு பொறித்த ஒரே முகலாய மரகதம் அது. அதில் பன்னிரு இமாம்களைப் போற்றும் ஷீஆ மரபின் துஆ ஒன்று அரபு எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளது. அவ்ரங்கசீப் ஆட்சிக் காலத்தில் இத்தகைய பொறிப்பா என வியப்போர் உண்டு. அவ்வரசின் கீழிருந்த தக்காணத்துப் பிரமுகர்களையும் அவர்களின் பற்றுகளையும் ஒரே வண்ணத்தில் தீட்டிவிடக் கூடாது என்பதற்கு அக்கல்லே சான்று.

கற்களின் பிறப்பிடத்தைப் பெயரைக் கொண்டன்றிப் பிற வழியிலும் அறியலாம். பிரெஞ்சு ஆய்வாளர் குழு ஒன்று கல்லிலுள்ள ஆக்ஸிஜன் அணுவகைகளின் விகிதத்தை அளந்து 2000ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. ஹைதராபாத் நிஜாமின் கருவூலத்தைச் சேர்ந்த, 'பழஞ்சுரங்கக் கற்கள்' எனப் பெயர்பெற்ற நான்கு மரகதங்கள் அவ்வாய்வுக்கு உட்பட்டன. அவற்றுள் மூன்று கொலம்பியாவினுடையவை; ஒன்று ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கினுடையது. கீழைநாட்டுப் பழஞ்சுரங்கம் என்று தலைமுறை தலைமுறையாய் நம்பப்பட்டதில் பெரும்பகுதி, கடல்கடந்து வந்த புதிய கல்லாக இருந்தது.

சீனத்தில் இச்சொல் பெற்ற உருவைக் கூறாமல் விடலாகாது. யுவான் அரசமரபின் இறுதியில், 1366ஆம் ஆண்டளவில் தொகுத்த தம் குறிப்பேட்டில் தாவ் ஸோங்யி என்பார், முஸ்லிம் வணிகர் கொண்டுவரும் கற்களை 'ஹுய்ஹுய் கற்கள்', அதாவது முஸ்லிம்களின் கற்கள் எனும் தலைப்பில் பட்டியலிட்டார். பச்சைக் கற்களின் கீழே அவர் சீன எழுத்தில் ஒலிபெயர்த்துள்ள மூன்று பெயர்களும் அரபு மணிநூல்களின் துபாபீ, ஜுமுர்ருத், ஸாபூனீ ஆகியனவே. துபாப் என்றால் ஈ. பச்சை ஈயின் மினுக்கமுடைய உயர்ந்த வகை அது. ஸாபூன் என்றால் சவர்க்காரம்; அது தாழ்ந்த வகை. பிற்காலச் சீனர் ஜுமுர்ருத் என்பதைத் தம் எழுத்துகளால் 'ஸூமூலூ' என எழுதினர். அவ்வெழுத்துகளைப் பொருள்கொண்டு படித்தால் 'பாட்டியின் பச்சை' என்றாகும். பாட்டிக்கும் இக்கல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி ஊர்ப்பெயர்க் கேள்விக்கு வருவோம். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம், 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்பத் திருத்தி வெளிவந்த தமிழக அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அது தமிழ்ப்பெயர்களின் ஆங்கில வடிவம் பற்றியது. ஆயினும் அதையொட்டி ஊர்ப்பெயர்த் தூய்மை குறித்த பேச்சு பெரிதாக எழுந்தது. அந்த அளவுகோலை முற்றும் கடைப்பிடித்தால் எமரால்டும் போகும், அதற்கு மாற்றாய் வரும் மரகதமும் உடன் போகும். எஞ்சுவது பச்சை ஒன்றே. தொல்காப்பியம் இவ்வளவு கடுமை காட்டவில்லை. வடசொற்கள் தமிழ் எழுத்தோடு பொருந்தி வந்தால் செய்யுளில் ஏற்கலாம் என அது இடமளித்தது. மரகதத்தின் எல்லா எழுத்துகளும் தமிழ்நாவுக்கு இயல்பானவையாதலால் அது உறுத்தாமல் தங்கிவிட்டது. ஜுமுர்ருதுக்குக் கிரந்த எழுத்து வேண்டியிருந்ததால் அது வாசலிலேயே நின்றது. குடியுரிமை ஒலியால் கிடைத்ததே தவிரப் பிறப்பால் கிடைத்ததன்று.

அரபு அறிஞர்களிடையிலும் இவ்வழக்கு நடந்தது. அல்குர்ஆனில் அயற்சொல் இல்லவே இல்லை என்றார் இமாம் ஷாஃபிஈ. தெளிந்த அரபு மொழியில் அருளப்பட்ட வேதம் எனும் வசனங்களே அவருக்குச் சான்று. நபித்தோழர் காலத்து விரிவுரையாளர்களோ பல சொற்களுக்குப் பாரசீக, அபிசீனிய, சிரியாக் மூலம் கூறியிருந்தனர். ஹிஜ்ரி 224இல் மறைந்த அபூஉபைத் காஸிம் இப்னு ஸல்லாம் இருதரப்பும் உண்மையே உரைத்தனர் என்றார். அச்சொற்களின் மூலம் அயல்மொழியே. ஆயினும் அவை அரபியர் நாவில் விழுந்து, அவர்களின் ஒலிக்கு மாறி, அவர்களின் சொற்களாகிவிட்ட பின்னரே வேதம் இறங்கியது. ஆகவே அவை பிறப்பால் அயல், நிலையால் அரபு. நீலகிரியின் ஊருக்கும் இத்தீர்ப்பே பொருந்தும் என்பது நம் கருத்து. அங்குத் தேயிலை கிள்ளுவோரும் கேரட் கழுவுவோரும் பேருந்து நடத்துநரும் நாள்தோறும் வழங்கும் எமரால்டு, உகரம் ஏற்ற அன்றே தமிழாகிவிட்டது. அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. உலகில் அயர்லாந்து 'மரகதத் தீவு' எனவும், இந்தோனேசியா 'ஸம்ருத் கத்துலிஸ்திவா', அதாவது நிலநடுக்கோட்டின் மரகதம் எனவும் இதே சொல்லால்தான் தம்மைப் போற்றிக்கொள்கின்றன.

ஆட்பெயர்களிலும் இதே உறவைக் காணலாம். இடைக்கால முஸ்லிம் உலகில் அடிமைகளுக்கு மணிகளின் பெயரைச் சூட்டுவது வழக்கம். யாகூத், லுஃலுஃ, ஜவ்ஹர் என்பன அவ்வாறு வந்தவை. மேலே குறித்த யாகூத் ஹமவீயும் அடிமையாய் வளர்ந்து விடுதலை பெற்றவரே. துருக்கி இனத்து அடிமைப் பெண்ணாய் அரண்மனை புகுந்து, கலீஃபா நாஸிரின் (ஆட்சி கி.பி. 1180–1225) அன்னையாகிய ஜுமுர்ருத் காத்தூனின் பெயர் தாங்கிய கூம்புக் கோபுரக் கல்லறை பக்தாதில் இன்றும் நிற்கிறது. ஆயிரத்தோர் இரவுகளில் ஒரு ஜுமுர்ருத் ஆணுடை தரித்து ஒரு நகரத்தின் அரசராகிறாள். விக்தர் ஹியூகோ 1831இல் வெளியிட்ட நாவலில் நாடோடிப் பெண்ணுக்கு எஸ்மெரால்தா எனப் பெயரிட்டார். தமிழ் இல்லங்களிலோ சென்ற தலைமுறை வரை மரகதம் என்பது வெகு சாதாரணமான பெண்பெயர். ஒரே தெருவில் மரகதம்மாளும் ஜமுர்ரத் பேகமும் அண்டை வீட்டாராய் வாழ்ந்திருப்பின், இருவரும் ஒரே பெயரினர் என்பதை இருவருக்கும் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.